இட்லி குண்டானும் ஜியோலைட் அப்பீலும்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்.

எங்க வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில கெமிஸ்ட்ரி வாத்தியார். ஜியோலைட்னு ஒரு வெள்ளைப் பொடி. பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலையில வினையூக்கியா போடுவாங்களாம். அதை முதல்ல ஆவியில காட்டி, அப்புறம் ஆசிட்ல கழுவினா ரொம்ப நாள் உழைக்குதுன்னு கண்டுபிடிச்சு பேட்டன்ட் கேட்டார். இது யாருக்கும் தோணுற விஷயம்தானேன்னு தள்ளிட்டாங்க. வருஷக்கணக்கா ராத்தூக்கம் கெட்ட மனுஷன், விடுவாரா? அப்பீல் போட்டார்.

அன்னைக்கு விசாரணை. வீடியோவில, எங்க ஹால்லேர்ந்து.

மிக்ஸி கூடாது. குக்கர் கூடாது. கீரைக்காரம்மாவைத் தெருமுனையிலேயே மடக்கி அனுப்பினேன். கான்வென்ட் சிஸ்டருங்க வாயில விரல் வெச்சு நிக்கச் சொன்னப்பகூட நான் இவ்ளோ அடக்கமா இருந்ததில்ல.

மேல கோட்டு, டை. கீழ லுங்கி. விஞ்ஞானி தயார்.

அப்பதான் பக்கத்து வீட்டு புஷ்பா பின்வாசல் வழியா வந்தா. கரியாலூர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்களாம், பெரிய இட்லி குண்டான் வேணுமாம். சைகையிலயே எடுத்துக் கொடுத்தேன். வாங்கினவ போயிருக்கலாம். உள்ள எட்டிப் பார்த்தா.

"இன்னாக்கா, அடியில இவ்ளோ வெள்ளையா படிஞ்சிக்கினு கீது?"

என் குண்டானைச் சொன்னா நான் சும்மா இருப்பேனா?

"போர் தண்ணி லட்சணம் அது. முதல்ல நல்லா ஆவி வர விடு. அப்புறம் புளித்தண்ணி ஊத்திக் கழுவு. இதுகூடத் தெரியாமலா குடும்பம் நடத்துற?"

எங்க சமையக்கட்டுக்குக் கதவு கிடையாது.

ஹால்ல, முதல்ல ஆவி, பிறகு அமிலம், இந்த வரிசை எவனுக்குமே தோணாதுன்னு இவர் அப்பதான் சொல்லி முடிச்சிருக்கார்.

லேப்டாப்லேர்ந்து அதிகாரி கேட்டார்: "அம்மா சொல்றதுக்கு உங்க பதில் என்ன சார்?"

பதில் மேஜை மேலயே இருந்தது. கிராஃப், அட்டவணை, எல்லாம். எடுத்து அவருக்குக் காட்டினாரா? லுங்கியோட எழுந்து சமையக்கட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"அடியே, குண்டான் வேற, ஜியோலைட் வேற. உனக்கு உப்பு மேல படியுது. நான் எடுக்கறது உள்ள இருக்கிற அலுமினியத்தை."

நானாவது விட்டிருக்கலாம். "எதை எடுத்தா என்ன, கழுவுறதுதானே?"ன்னேன்.

அவ்ளோதான். அதிகாரிக்கு எடுக்க வேண்டிய பாடத்தை முழுசா எனக்கு எடுத்தார். புஷ்பாகூட உக்காந்து கேட்டா. எனக்கு ஓரளவு புரிஞ்சு, நான் தலையாட்டினப்ப, நேரம் முடிஞ்சதுன்னு அந்தப் பக்கம் சொல்லிட்டாங்க.

அப்பீல் தள்ளுபடி. இவர் என்கூடப் பேசறதில்ல. குண்டான் மட்டும் பளபளன்னு திரும்பி வந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, நான் சொன்னதை ஒரு பேச்சா மதிச்ச ஒரே ஆம்பளை அந்த அதிகாரிதான்.