அறிவிப்பாளர் பழுதாக்கிய லிஃப்ட்

மனைவியின் உடம்பில் சதை ஏற்றாமல் ஓய்வதில்லை என்று அறிவிப்பாளர் சபதம் எடுத்தபோது, நாற்காலியில் சாய்ந்து, காலை முக்காலியில் நீட்டி, இரண்டாவது தேநீருக்குக் காத்துக்கொண்டிருந்தார். பெரிய சபதங்களை அவர் நின்றுகொண்டு எடுப்பதில்லை.

அவருக்கு ரயில் நிலையத்தில் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம், எது வரவே வராது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தால் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர் மட்டும் ஓட மாட்டார். இத்தனை வருஷத்தில் அவர் உடம்பில் ஒழுங்காக வேலை செய்து வளர்ந்த ஒரே தசை நாக்கு என்பது மனைவியின் கட்சி.

அந்த நாக்கும் கொஞ்ச காலம் ஓய்ந்திருந்தது. நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சில வாரம் படுத்துவிட்டார். வீடு திரும்பியவர், ஹாலில் இருந்த நாற்காலியில் வந்து நின்ற வண்டி மாதிரி நின்றுவிட்டார். தண்ணீர், பேப்பர், கண்ணாடி, ரிமோட் எல்லாம் அந்த நடைமேடைக்கே வந்து சேரும். "தேறிக்கிட்டு இருக்கேன். அவசரப்படுத்தக் கூடாது" என்பார். அவர் தேறத் தேற நாற்காலியின் குஷன்தான் பள்ளமாகிக்கொண்டே போயிற்று.

அந்தத் தம்பதிக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் அறிவிப்பாளர் அறைக்குள் இருக்க மாட்டார். பரிசோதனை முடிந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே போய், அங்கே இருக்கும் மீன் தொட்டியையோ காலண்டரையோ பார்த்துக்கொண்டு நிற்பார். மனைவி கேட்டுக்கொண்டு வந்து, பதமாக ஆற்றிச் சொல்வாள். ஊருக்கே தாமதம் சொல்கிற மனுஷனுக்குத் தன்னைப் பற்றிய அறிவிப்பை மட்டும் கேட்கத் தைரியம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

இந்த முறையும் அப்படியே. நெஞ்சு டாக்டர் பார்த்து முடித்து, "எதுக்கும் பிசியோ டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க" என்று அனுப்பினார். பிசியோ டாக்டர் சின்னப் பெண். கைவலுவை முள்ளால் காட்டும் ஒரு பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். அறிவிப்பாளர் கையைக் கட்டினார். எழும்போது கை தானாக அவிழ்ந்து நாற்காலியின் பிடியைத் தொட்டது. தொட்டதைத் தாங்கியதாக அவர் கணக்கில் சேர்க்கவில்லை. "இவளுக்கும் பாருங்க, வயசாகுதில்ல" என்று பேச்சை மாற்றினார். மனைவியும் எழுந்து உட்கார்ந்தாள். கடைசியில் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். அதை மட்டும் அவர் நன்றாகக் கவனித்தார். பிறகு மீன் பார்க்கப் போய்விட்டார்.

மனைவி வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

"என்னவாம்?"

"நெஞ்சு சுத்தமாயிடுச்சாம். அதுல ஒண்ணும் பயமில்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"சதை வத்திப்போச்சாம். தொடையில. இப்படியே விட்டா இன்னும் வத்துமாம். ஒருநாள் கால் தடுக்கும், சமாளிச்சு நிக்கப் பலம் இருக்காது, விழுந்தா எலும்புதானாம்."

"யாருக்கு?"

அவள் சற்று நேரம் மீன்களைப் பார்த்தாள். "எனக்குத்தான்."

அறிவிப்பாளர் மீன் தொட்டியை விட்டுத் திரும்பினார். அவருடைய அக்கா அப்படித்தான் போனாள். குளியலறை வாசலில் சின்னதாக ஒரு வழுக்கல். இடுப்பு எலும்பு. அதன் பிறகு கட்டில்தான். படுக்கப் படுக்க மெலிந்து, மெலிய மெலியப் படுத்து, கடைசியில் போர்வைக்குக் கீழே அக்கா இருக்கிறாளா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"பயிற்சி சொன்னாங்களா?"

"சொன்னாங்க. படி ஏறணுமாம், உக்காந்து எழுந்திரிக்கணுமாம், பாரம் தூக்கணுமாம். பருப்பு, முட்டைன்னு நிறையச் சாப்பிடணுமாம். இந்த வயசுல எனக்கு எதுக்குங்க அதெல்லாம். என்னால ஆகாது. ஓடுறவரைக்கும் ஓடட்டும்."

சொல்லித் திருந்துகிற ஜாதி இல்லை அவள் என்பது அவருடைய நீண்ட நாள் ஆராய்ச்சி முடிவு. ஆகவே சொல்லாமல் செய்ய வைக்க வேண்டும். அவளுக்கே தெரியாமல் அவள் தொடையைத் தேற்ற வேண்டும். இதுதான் வீட்டுக்கு வந்து, இரண்டாவது தேநீருக்கு முன் எடுத்த சபதம்.

மறுநாள் காலை முதல் அறிவிப்பு வந்தது.

"கவனிக்கவும். நம் கட்டடத்தின் லிஃப்ட், தொழில்நுட்பக் காரணங்களால், மறு அறிவிப்பு வரும்வரை இயங்காது."

அவர்கள் வீடு மூன்றாம் மாடி. அடுப்படியிலிருந்து மனைவி தலையை நீட்டினாள்.

"யார் சொன்னா?"

"அதிகாரபூர்வத் தகவல்."

"அடக் கடவுளே. அப்ப நான் கீழயே இறங்க மாட்டேன். என் காலைப் பத்தித்தான் டாக்டர் சொல்லிட்டாங்களே."

"மெதுவா ஏறலாம்மா. நல்லதுதானே."

"நடுவுல எங்கேயாவது விழுந்து வெச்சா?"

அக்காவின் போர்வை அவர் கண் முன்னால் வந்து போனது.

"பாலுக்கு என்ன பண்றது?" என்றாள். "வேணாம், நீங்களும் போகாதீங்க. நோயில கிடந்து எழுந்த உடம்பு. கறுப்புத் தேநீரே குடிச்சுக்கலாம்."

கறுப்புத் தேநீர் என்று கேட்டதும் அவர் செருப்பைத் தேடினார். இறங்கியது தெரியவில்லை. பால் பையோடு ஏறும்போது முதல் மாடியில் மூச்சு நின்றது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் தொடை இரண்டும் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டன. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரே லிஃப்ட் கதவு திறந்தது. துணி மூட்டையோடு வந்தது அந்த மாடித் தையல்காரி.

"என்ன அண்ணா, லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ நல்லதுக்குத்தான்."

தையல்காரி வாயில் ஊசி வைத்திருப்பவள் போல உதட்டை இறுக்கிக்கொண்டாள். "அக்காவும் இதேதான்..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்ல அண்ணா, பார்த்து ஏறுங்க" என்று தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படித் திட்டம் தன் தொடையில் வந்து விடிந்ததால், அறிவிப்பாளர் சமையலறைத் திட்டத்துக்குத் தாவினார். அவள் குளிக்கும் நேரத்தில் உப்பு, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் மேல் தட்டிலிருந்து இறக்கி, தரையோடு தரையாக இருந்த அடித் தட்டில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். பிசியோ பெண் சொன்ன பயிற்சியேதான்.

"என்னங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எண்ணெய் எப்படியோ கீழ போயிடுச்சு. எனக்குக் குனிஞ்சா தலை சுத்துது. எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை.

"என்னங்க, உப்பு."

உட்கார்ந்து, எழுந்து, கொடுத்தார்.

"எண்ணெயைத் திரும்ப வெச்சிடுங்க. பருப்பு எடுங்க. அது துவரையில்ல, பாசிப்பருப்பு."

"எல்லாத்தையும் ஒரே தடவையா கேட்கக் கூடாதா?"

"வண்டி எல்லாம் ஒரே நேரத்துல வந்தா நீங்க ஒரே மூச்சுல சொல்வீங்களா? ஒண்ணொண்ணாத்தானே வரும்."

பொருளை மறுபடி மேலே வைத்துவிடலாம் என்று நினைத்தார். வைத்தால், கீழே வைத்தது யார் என்ற கேள்வி வரும். ஆகவே நாள்தோறும் உட்கார்ந்து எழுந்தார். முட்டை விஷயத்திலும் அப்படித்தான். அவளுக்காக அவரே வேகவைத்து எடுத்துப் போனால், "தனியா சாப்பிட்டா எனக்கு இறங்காது. நீங்க ஒண்ணு சாப்பிட்டா நான் ஒண்ணு" என்பாள். அவர் இரண்டைத் தின்று முடிக்கும்வரை அவள் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள்.

துணி துவைக்கும் மெஷினின் பின்பக்கம் ஒரு ஒயரைக் கழற்றியதுதான் உச்சம். கையால் துவைத்தால் அவள் கைக்கும் தோளுக்கும் பலம் வரும் என்பது எண்ணம். அவள் அன்றைக்கென்று எல்லாக் கட்டில் விரிப்பையும் ஊறப் போட்டாள்.

"பிழியறதுக்கு என் கையில வலு எங்க இருக்கு? ஒரு பக்கம் சும்மா பிடிச்சுக்கறேன். நீங்க அந்தப் பக்கம் முறுக்குங்க."

"நான்தான் முறுக்கணுமா?"

"நீங்கதான் ஆம்பளைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

முறுக்கினார்.

இரவெல்லாம் உடம்பு வலித்தது. ஆனால் வெளியில் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவளின் கால் தன் கண்ணெதிரே வற்றிக்கொண்டிருக்க, தனக்கு வலி என்று எந்த வாயால் சொல்வது? ஒரு சாயங்காலம் அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு, "கையைக் குடுங்க" என்று நீட்டினாள். இழுத்துத் தூக்கினார். அவள் பாரம் முழுவதும் அவர் கையில் வந்து இறங்கி, பிறகு நின்றது. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் யார் யாரைத் தூக்கி நிறுத்தியது என்று அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் தன்னைப் புரட்டிப் படுக்க வைத்ததும், தோளில் சாய்த்துக் கழிப்பறைக்கு நடத்தியதும் இந்தக் கைதான். இது வலுவிழந்தால் தன்னை யார் தூக்குவது என்றுதான் முதலில் நினைத்தார். அடுத்தாற்போல்தான், இவளை யார் தூக்குவது என்று நினைத்தார். வரிசை அப்படி அமைந்ததில் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மறுநாள் யாரும் சொல்லாமலே காய்கறிக்குக் கீழே இறங்கினார்.

போகப் போகப் படிகள் குட்டையாகிவிட்டன என்று அவருக்குத் தோன்றியது. கட்டடம் பூமியில் இறங்குகிறதோ என்று காவலாளியைக்கூடக் கேட்டார்.

அடுத்த முறை பிசியோ டாக்டரிடம் போனபோது அவர் மீன் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. ஒரு நோயாளியை அவளுக்கே தெரியாமல் தேற்றிய கெட்டிக்காரன் வெளியே நிற்பதா? கல்யாணம் ஆன நாளாக முதல் தடவையாக, தீர்ப்பு கேட்க உள்ளே உட்கார்ந்தார்.

"சார், கையைக் கட்டிக்கிட்டு எழுந்திருங்க."

"நான் எதுக்கு? அம்மாவைப் பாருங்க."

"முதல்ல நீங்க."

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பெண் போதும் என்று சொல்லும்வரை செய்தார். கை கட்டியபடியே இருந்தது. அதை அவரைத் தவிர மற்ற இருவரும் பார்த்தார்கள். பிடியை அழுத்தினார். முள் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"ரொம்ப நல்லாத் தேறியிருக்கீங்க சார். போன தடவை பார்த்தப்ப எனக்கே பயமா இருந்துச்சு. வயசானாலே சதை கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். அதுல காய்ச்சல், படுக்கைன்னு சேர்ந்தா மளமளன்னு கரைஞ்சிடும். தடுக்கினா சட்டுன்னு காலை ஊன்ற வைக்கிற சதைநார்தான் முதல்ல போகும். ஆனா பாரம் குடுத்தா, எந்த வயசுலயும் திரும்ப வரும். லேசா நொந்து, அந்த நோவை ஆத்திக்கிட்டே தடிக்கும்."

"இதெல்லாம் அம்மாவுக்குத்தானே?"

பெண் புரியாமல் மனைவியைப் பார்த்தாள். மனைவி தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே சார். அவங்க கால் இரும்பு."

அறிவிப்பாளர் மனைவி பக்கம் திரும்பினார். குரல் ஒலிபெருக்கி இல்லாத குரலாக வந்தது.

"மூச்சு வாங்கினியே."

"பக்கத்துல நீங்க வாங்கினீங்க. துணைக்கு நானும் வாங்கினேன்."

"சதை வத்தினது எனக்கா?"

"உங்களுக்குன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நாற்காலியில இருந்து கட்டிலுக்குப் போயிருப்பீங்க. உங்களுக்காக நீங்க ஒரு துரும்பை நகர்த்தினதில்ல." ஜிப்பை மூடினாள். "எனக்குன்னு சொன்னேன். படி ஏறினீங்க."

அதில் திட்டு எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று பிரிக்க அவருக்குத் தெரியவில்லை. ஒருமுறை இருமிப் பார்த்தார். சளி இல்லை என்று நெஞ்சு டாக்டரே சொல்லிவிட்டார்.

"லிஃப்ட்?" என்றார் மெல்ல.

"நீங்க மதியம் தூங்குற நேரத்துல நான் அதுலதான் போய் வந்தேன். என் கால் கதையை உங்ககிட்ட உடைச்சிடாதேன்னு ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே தையல்காரிகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். ரெண்டு பேர்கிட்டயும் பேச முடியாம அவ பாவம், நாக்கைக் கடிச்சுக் கடிச்சே புண்ணாக்கிக்கிட்டா."

அறிவிப்பாளர் நிமிர்ந்தார். மானத்தில் மிச்சமிருப்பதைத் திரட்டிக்கொண்டார். "சரி. தேறியாச்சு. இனிமே இதையெல்லாம் நிறுத்திடலாம் இல்லையா டாக்டர்?"

"நிறுத்தினா வந்த வழியே போயிடும் சார்," என்றாள் பெண். "உடம்பு கறாரான குடும்பத்தலைவி மாதிரி. வேலை செய்யாத சதைக்குச் சோறு போடாது. ஆயுசுக்கும் செய்யணும்."

திரும்பும் வழியில் காய்கறியும் பருப்பும் வாங்கினார்கள். பைகள் அவர் கையில். கட்டடத்துக்குள் நுழைந்தபோது லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே இருந்து தையல்காரி வந்து, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறிக்கங்க அண்ணா. அக்கா, நீங்களும் வாங்க."

மனைவி உள்ளே போய் நின்றாள். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். வேலைக்குரிய குரலை வரவழைத்துக்கொண்டு, லிஃப்ட் பழுது நீங்கிவிட்டது என்று அறிவித்தார்.

"அப்படியா," என்றாள் மனைவி, பொத்தானை அழுத்தியபடி. "எனக்கு அதிகாரபூர்வமா இன்னும் தகவல் வரலையே."

பைகளோடு அவர் வெளியே நிற்க, கதவு மூடிக்கொண்டது.