என் மனைவியின் நடைத்துணை

இனி சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்று போன நவம்பரில் சபதம் எடுத்தேன். காரணம் இருக்கிறது. எழுந்து போனதால்தான் விழுந்தேன். தபால் பெட்டிவரை போனவன் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கட்டுப் போட்ட டாக்டரம்மா அதோடு விட்டாரா? இன்னொரு மெஷினில் படுக்கவைத்துப் படம் பிடித்தார்.

"எலும்பு மெலிஞ்சு போச்சு, மிஸ்டர் டோலெப்சன். தினம் நடங்க. மாடிப்படி ஏறுங்க. பால், மீன் சாப்பிடுங்க. சிகரெட்டை விடுங்க. பிராந்தியைக் குறைங்க."

"அது பொம்பளைங்க வியாதியாச்சே, டாக்டர்!" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த என் மனைவி மார்லிஸும் சிரிக்கவில்லை.

வேலைக்காலம் முழுக்கச் சாய்வு நாற்காலி விற்றவன் நான். எங்கள் ஊரில் பாதிப்பேர் என்னால்தான் சாய்ந்திருக்கிறார்கள். என்னைப் போய் நடக்கச் சொன்னால்?

வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ் ஆரம்பித்தாள்.

"ஏங்க, நாளைலேர்ந்து மால்ல நடக்கப் போலாமா?"

"கடையே திறக்காத நேரத்துல அங்க என்ன வேலை?"

"நடக்கறவங்களுக்குன்னுதானே சீக்கிரமே கதவைத் திறந்து விடறாங்க? நம்ம வயசுக்காரங்க எல்லாம் குளிர்காலம் பூரா அங்கதான் சுத்தறாங்க."

"செக்குமாடும்தான் சுத்துது."

"செக்குமாட்டுக்கு எலும்பு கெட்டியா இருக்கே!"

நாற்காலியைச் சாய்க்கும் பிடியை இழுத்தேன். கால் மேலே போனது. தலை கீழே போனது.

"சரி, என் எலும்பையாவது நான் பாத்துக்கறேன். துணைக்கு டுவேன் வரேன்னிருக்கார்."

தலை மேலே வந்துவிட்டது.

டுவேன் எங்கள் எதிர்வீட்டுக்காரன். தலை நிறைய முடி, வாய் நிறையச் சொந்தப் பல். இரண்டுமே எனக்கில்லை. என்னைவிட மூத்தவன், ஆனால் என்னை 'அண்ணே' என்பான். என் மனைவியை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். இந்த மாதிரி ஆளை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு கல்யாணக் கூடத்தில், ஒரு நெட்டையன் மார்லிஸுடன் ஜோடி சேர்ந்து போல்கா நடனம் ஆடிக்கொண்டே இருந்தான். பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்து, அங்கேயே "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டுத் தட்டிப் பறித்தவன் நான். சாதாரண ஆளில்லை.

மறுநாள் மார்லிஸ் மாலில் நடந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

"என்ன சிரிப்பு?"

"டுவேன் ஒரு ஜோக் சொன்னார்."

"என்ன ஜோக்? நானும் சிரிக்கிறேன்."

"அதை அவர் சொன்னாத்தான் நல்லாருக்கும்."

வயிறு எரிந்தது. பால் எடுத்துக் குடித்தேன். எரிச்சலுக்குத்தான், டாக்டர் சொன்னதற்காக அல்ல. தினமும் சிரித்தாள். தினமும் பால் குடித்தேன்.

"டுவேன் மத்தி மீனை முள்ளோட மென்னு சாப்பிடறாராம். முள்ளுல எலும்புக்குச் சத்து இருக்காம்" என்றாள் ஒருநாள். அன்றைக்கே ஒரு டப்பா மீனை வாலோடு தின்று காட்டினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டுவேனின் மனைவி ஆர்டிஸிடம் விஷயத்தைப் போட்டு உடைப்பது என்று தீர்மானித்தேன். தோதாக அவளிடம் இரவல் வாங்கிய கேக் தட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. "வெறும் தட்டைக் கொடுத்து மானத்தை வாங்காதீங்க" என்று மார்லிஸ் அதில் எலுமிச்சை கேக்கை வைத்துத் தந்தாள். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தந்தால் எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். ஆர்டிஸ் தட்டைத் தூக்கி, இரவல் போனது மாறாமல் திரும்பி வர அடியில் தன் பெயர் எழுதி ஒட்டியிருந்த ஒட்டுநாடா இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினாள்.

"ஆர்டிஸ், சொல்லவே கஷ்டமா இருக்கு. உன் புருஷன் தினமும் என் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிறான்!"

"அப்படியா? வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டாரே! அங்கயாவது சிரிக்கட்டும். கேக்ல முட்டை போட்டிருக்கா?"

பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நேரில் வேவு பார்ப்பதுதான் வழி. மறுநாள் காலை அவர்களுக்குத் தெரியாமல் மாலுக்குப் போனேன். தொட்டிச் செடிக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர்கள் நகர்ந்தார்கள், நானும் அடுத்த செடிக்கு நகர்ந்தேன். மேல்மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். ஆனால் அந்நேரத்தில் நகரும் படிக்கட்டு ஓடாது. ஏறினேன். அவர்கள் மேலே வந்தார்கள், நான் இறங்கினேன். டுவேன் அவள் காதருகே குனிந்து எதையோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாற்பது வருஷத்தில் என் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குளிர்காலம் முழுக்க இதே பிழைப்பு. இருமல் காட்டிக்கொடுக்கும் என்று சிகரெட்டை விட்டேன். காலையில் கண் விழிக்க வேண்டுமே என்று பிராந்தியை விட்டேன். இதெல்லாம் மார்லிஸுக்குத் தெரியாது என்று எனக்குப் பெருமை வேறு.

மார்ச் மாதத்தில் ஒருநாள் பொறுமை போய்விட்டது. செடியை விட்டு வெளியே வந்து, விறுவிறுவென்று அவர்களை முந்திப் போய், வழி மறித்து நின்றேன். மூச்சு வாங்கவே இல்லை.

"டுவேன்! தள்ளு! இனிமே என் பெண்டாட்டியோட நான் நடப்பேன்!"

"அப்பாடா!" என்றான் டுவேன். "எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு இருந்தது, அண்ணே. எனக்கு ஜோக்கே தீர்ந்து போச்சு." கையைக் குலுக்கிவிட்டுக் காப்பிக்கடைப் பக்கம் ஓடியே போனான்.

நான் மார்லிஸைப் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க விழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்குங்க. இன்னொரு தடவை விழுந்து இடுப்பு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? சொன்னா கேக்கற ஆளா நீங்க? அதான் ஆர்டிஸ்கிட்ட அவ புருஷனை இரவல் வாங்கினேன்."

"இரவலா!"

"உங்களுக்குப் புத்தி சொன்னா தூக்கம் வரும். பொறாமை வந்தாத்தான் கால் வரும். நம்ம கல்யாணமே அப்படித்தானே நடந்தது?"

"அந்த நெட்டையன்..."

"ஆர்டிஸோட அண்ணன். அப்பவே நாங்க சிநேகிதிங்கதானே? அன்னிக்கும் அவதான் கொடுத்து உதவினா."

செடித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்படலாம் என்று பார்த்தேன். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காக ஒருத்தி இத்தனை பாடுபட்டிருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. "போகட்டும் விடு. இனிமே நாம ரெண்டு பேரும் ஜோடியா நடப்போம்" என்றேன்.

"அதெப்படி? இரவல் வாங்கின புருஷனை ஆர்டிஸுக்குக் காலியாவா திருப்பிக் கொடுக்கறது? அவ தங்கச்சி டோனாவோட வீட்டுக்காரர் லாய்டு, நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கறாராம்."

"எந்த நாற்காலி?"

"நீங்க வித்ததுதான். திங்கக்கிழமைலேர்ந்து டோனாவோட நீங்க நடக்கணும். லாய்டு வந்து வழி மறிக்கறவரைக்கும் ஜோக் சொல்லணும்."

திங்கட்கிழமை காலை வாசலில் நிறுத்தி, இருக்கிற நாலு முடியை வாரி, கோட்டை நீவிவிட்டாள். பிறகு என் முதுகில் எதையோ அழுத்தி ஒட்டினாள். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். ஒட்டுநாடாவில், அவள் கையெழுத்தில்: 'மார்லிஸ் டோலெப்சன். திருப்பித் தரவும்.'