பன்னிரண்டு வருட அனுபவசாலி

வாஷிங் மெஷின் கதவு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளே சோப்புத் தண்ணீரில் மனைவியின் வெள்ளைக் கோட்டு மிதந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குப் புது ஆஸ்பத்திரியில் அவளுக்கு முதல் நாள் வேலை. இருப்பது அந்த ஒரு கோட்டுதான். "நான் துவைச்சுத் தர்றேன், நீ கவலைப்படாதே" என்று வீராப்பாக வாங்கிப் போட்டவர் கணவர்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க," என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"அவன் சாயங்காலம்தான் வருவானாம். நான் நிபுணர்கிட்டயே கேட்டுட்டேன்."

நிபுணர் இருந்தது கைபேசியில். எந்தச் சந்தேகம் கேட்டாலும் அந்தந்தத் துறை ஆள் நேரடியாகப் பதில் சொல்லும் தளம் அது. கணவரும் அதில் ஒரு நிபுணர்தான். கம்பெனி கம்பெனியாகப் போய்த் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர் அல்லவா, அங்கேயும் அதே பிரிவு.

மெஷின் நிபுணரின் படத்துக்குக் கீழே 'பன்னிரண்டு வருட அனுபவம்' என்று போட்டிருந்தது. 'ஒரு நிமிஷம் சார்' என்று எழுதிவிட்டு ஆளைக் காணோம்.

அந்த இடைவெளியில் இவருக்கே ஒரு கேள்வி வந்தது. 'தெரியாத விஷயத்தை யாராவது கேட்டா கை நடுங்குது சார். என்ன செய்ய?'

இதெல்லாம் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. மனசுல முதல்ல தோணுறதை அடிச்சுச் சொல்லுங்க' என்று தட்டிவிட்டார். உடனே ஐந்து நட்சத்திரம் விழுந்தது.

மெஷின்காரரும் வந்துவிட்டார். 'குமிழைக் கடைசி வரைக்கும் திருப்புங்க.'

திருப்பினார். மெஷின் உறுமிக்கொண்டு வெந்நீரில் முதலிலிருந்து துவைக்க ஆரம்பித்தது. கோட்டோடு சேர்த்துப் போட்டிருந்த அவருடைய சிவப்பு பனியன் சாயம் விட்டது.

"என்னங்க, மறுபடி ஓடுது?"

"அப்படித்தான் ஓடணும்போல."

அடுத்த உத்தரவு வந்தது. 'பின்னாடி இருக்கிற குழாயைக் கழட்டுங்க.'

'முதல்ல தண்ணியை நிறுத்தணுமா?'

'வேண்டவே வேண்டாம்.'

கழற்றினார். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்து, சமையலறையைத் தாண்டி, கூடத்துச் சோபாவின் காலைத் தொட்டது. இரண்டு கையாலும் குழாயைப் பொத்திக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். "வீடெல்லாம் தண்ணி, அடுத்து என்ன பண்ணணும்னு எழுது."

ஓடி வந்த மனைவி சுவரிலிருந்த தண்ணீர் வால்வை மூடினாள். தண்ணீர் நின்றது. பிறகு குனிந்து கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

"கோட்டு ஏன் ரோஸ் கலர்ல இருக்கு?"

அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை. சொன்னதைச் சொன்னபடிதானே செய்தார். அழுகையே வந்துவிட்டது.

"எவ்வளவு உறுதியா சொன்னான் தெரியுமா? விஷயம் தெரியாதவன் அப்படிச் சொல்லுவானா?"

"அப்பா," என்றாள் மகள், கைபேசியைப் பார்த்தபடி. "மெஷின்காரர் ஒண்ணும் எழுதலை. உங்ககிட்ட கை நடுங்குதுன்னு கேட்டாரே, அவர்தான் எழுதியிருக்கார். 'நீங்க சொன்ன மாதிரியே அடிச்சு விட்டேன் சார், வாஷிங் மெஷின் கதவு திறக்கலைன்னு கேட்டவர் அப்படியே நம்பிட்டாரு. இப்ப வீடெல்லாம் தண்ணிங்கிறாரு, அடுத்து என்ன சொல்லட்டும்?'"