நாலு தரம் அடித்தால்தான் கதவு திறக்கும்

வெள்ளவத்தை, கொழும்பு,
ஞாயிறு பகல்.

என்றும் அன்புக்குரிய மகள் சாருஜாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா சுகம், தண்ணி மோட்டரும் சுகம், என் முழங்கால் வழமைபோல். ஜெனீவாவில் உன் அணுத்துகள் ஆராய்ச்சி நல்லபடி முடியப் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன். ஒன்பது நாளாக நீ போனை எடுக்காதபடியால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். படத்தையாவது பார், மகள்.

பிழை முழுக்க என்னுடையது. முப்பத்துநாலு வருடம் காணி அளந்தவன், ஒருவர் வேலியையும் ஒரு சாண் தள்ளிக் காட்டாதவன், உன் விஷயத்தில் வெறுந்தரையில் ஒரு மாடிவீட்டையே அளந்துவிட்டேன். வீடியோ கோலில் உன் பின்னால் கொடியில் ஒரு பச்சை ஆம்பிளைச் சேர்ட் கண்டேன். அந்தக் கிழமையே, முட்டைகூடத் தொடாத நீ அம்மாவிடம் ஆட்டிறைச்சிக் கறி எப்படி வைப்பதென்று கேட்டாய். மேல்மாடி ரூபிகாவின் தங்கச்சி உன்னை அங்கே ரெயிலில் இரண்டு டிக்கட்டோடு கண்டாவாம். மூன்றையும் கூட்டினேன்: பிள்ளை சொல்லாமல் கலியாணம் கட்டிவிட்டாள்! நேரே தரகர் சந்திரகுமாரிடம் போய், "என்ர பிள்ளையின்ர குறிப்பைத் திருப்பித் தாரும்" என்றேன். இங்கே தரகரிடம் சாதகக் குறிப்பைத் திருப்பிக் கேட்பதும் காலி வீதியில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்றுதான். நான் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வரமுன்னமே ரூபிகா கேக்கோடு வாசலில் நிற்கிறா. "மாப்பிள்ளை வெள்ளைக்காரனோ, அண்ணை?" நானும் வெட்கமில்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

கதை உன் காதுக்கும் எட்ட, ஒன்பது நாளுக்கு முந்தி நீயே போன் அடித்து அழுதாய். "அப்பா, நான் இங்க இரவு பகலா மாரடிக்கிறதே இந்தப் பிழையைக் குறைக்கத்தான்!" கலோரிமீட்டர் என்பது சக்தியை அளக்கிற ஆயிரக்கணக்கான சின்னப் பெட்டிகளாம். அணுத்துகள்களை மோதவிடும்போது சிதறும் துணிக்கைகள் ஒரே பக்கம் கூட்டமாய் வந்து விழுந்தால் அது ஜெட்டாம். ஆனால் ஒரே நேரத்தில் ஐம்பது மோதல் நடக்குமாம். வேறு வேறு மோதலின் சில்லறைத் துணிக்கைகளும் கருவியின் இரைச்சலும் தற்செயலாய்ப் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் விழுந்தால், கணினி ஏமாந்து அதையும் ஒரு ஜெட் என்று கட்டிவிடுமாம். "சேர்ட் பக்கத்து அறைப் பிள்ளையின்ர தமையன்ர. கறி லாப்பில நடந்த விருந்துக்கு. டிக்கட் கூட வேலை செய்யிற ஆளுக்கு. நீங்க மூண்டையும் சேர்த்து ஒரு மாப்பிள்ளையைக் கட்டிட்டீங்கள்!" ஒவ்வொன்றும் எந்த மோதலில் இருந்து வந்ததென்று தடம் பார்க்கவேண்டும், இரைச்சலைப்போல் நாலு மடங்கு பலமில்லாததைத் தொடவே கூடாது என்று சொல்லிப் போனை வைத்தாய்.

நான் அன்றே திருந்திவிட்டேன். கதவு மணியை நாலு தரம் அடித்தால்தான் எழும்புவது என்று சட்டம் போட்டேன். முதலில் மாட்டியது உன் அம்மாதான். இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு மூன்று தரம் அடித்துவிட்டு அரை மணித்தியாலம் வெளியே நின்றிருக்கிறாள். "உங்கட விஞ்ஞானத்தைக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ!" என்று அவள் கத்தினது கீழ்மாடி வரை கேட்டதாம். கடலும் எங்கள் தெரு ஒழுங்கை முடிவில்தானே, நடந்துபோய்ப் போடலாம். ஆனாலும் நான் அசையவில்லை. இன்று காலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், யாரோ மரியாதையாக இடைவெளி விட்டு மூன்று தரம் அடித்தார்கள். நான் பேப்பரை மடிக்கவே இல்லை. பிறகு பல்கனியால் எட்டிப் பார்த்தால், பச்சைச் சேர்ட் போட்ட நெட்டைப் பொடியன் ஒருவன் காலி வீதிப் பக்கம் போகிறான். முந்தியென்றால் அதையும் உன்னோடு முடிச்சுப் போட்டிருப்பேன். இப்போது சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். இவ்வளவு திருந்தின மனுசனை மன்னித்துப் போனை எடு, மகள். உன் குரல் இல்லாமல் வீடு விறைத்துக் கிடக்கிறது.

நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காது மூடி, நீடூழி வாழ்க.

உன் அன்பு அப்பா,
கதிர்காமநாதன்

பி.கு.: காவலாளி ரொனி இப்போதுதான் ஒரு சொக்லேட் பெட்டியும், யாரோ எழுதிக் கொடுத்த கடிதத் துண்டொன்றும் தந்துவிட்டுப் போனான். "ஐயா, நான் லவன். சாருஜாவோட வேலை செய்யிறன். அவ பயத்தில மறைச்சுப்போட்டா. அதுதான் உங்களை நேரில கண்டு பொம்பிளை கேப்பம் எண்டு லீவு போட்டு வந்தனான். மூண்டு தரம் அடிச்சன், நீங்கள் நித்திரைபோல. கறி சொல்லிக் குடுத்த அம்மாவுக்கு நன்றி." கோபம் வரவில்லை, மகள். எனக்குப் பயந்து நீ மறைத்தாயே என்ற வெட்கம்தான் வருகிறது. பொய்யைக் குறைக்கப்போய் மெய்யை வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். தம்பி எந்த லொட்ஜில் நிற்கிறார் என்று உடனே சொல்லு. இந்தமுறை மணியே அடிக்கத் தேவையில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதிரை போட்டு, வாசலிலேயே இருக்கிறேன்.