மிஞ்சிய போல்ட்டுகள்

கடைசி நட்டை முறுக்கி முடித்து, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று நிமிர்ந்த சக்கரபாணிக்குப் பகீரென்றது. தாம்பாளத்தில் ஒரு போல்ட்டு மிச்சம் இருந்தது.

முப்பது வருஷத்து டீசல் இன்ஜின் அது. அடி அண்ணாமலை கிராமத்து நிலத்துக்குத் தண்ணீர் இறைக்க அப்பா வாங்கியது. அதைக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுப் பத்து நாளாகிறது. "இது மட்டும் ஓடட்டும், ஆபீஸுக்கு முழுக்கு! வெவசாயம்தான்" என்று சபதம் போட்டு, ராஜினாமாக் கடிதத்தையும் எழுதிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். மகள் ஓவியா காலேஜில் இரண்டாம் வருஷம். மனைவி வேதா தாம்தூமென்று குதிப்பாள் என்று பயந்திருந்தார். அவளோ, "உங்க இஷ்டங்க" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போய்விட்டாள். இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று மனுஷர் பூரித்துப்போனார்.

"ஒரு போல்ட்டுதானே, வுடுங்க" என்றாள் வேதா.

"இன்னா வுடுறது? பிஸ்டன் பிச்சுக்கினு கூரைக்குப் போயிடும்!"

மறுபடி பிரித்தார். மறுபடி மாட்டினார். இந்த முறை மூன்று மிச்சம்.

செங்கம் ரோட்டு மெக்கானிக் முருகவேலுக்குப் போன் போட்டார்.

"மூணா?" முருகவேலின் குரல் இறங்கியது. "சார், சுத்தி ஸ்டார்ட் பண்ற ஹேண்டிலத் தொட்டுடாதீங்க. எதிர்த்து அடிச்சா மணிக்கட்டு போயிடும்."

சக்கரபாணி தன் மணிக்கட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவருக்கே ஒரு யோசனை உதித்தது. ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல், கழற்றுகிற ஒவ்வொரு துண்டுக்கும் குங்குமப் பொட்டு வைத்தார். பொட்டு வைத்தது எதுவும் வெளியே நிற்கக் கூடாது, அவ்வளவுதான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டி முடித்துத் தாம்பாளத்தைப் பார்த்தார். ஏழு போல்ட்டு. ஏழிலும் பொட்டு.

"வேதா! ஓடியா! ஏழுடி, ஏழு!"

"ஐயையோ!" வேதா வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லாத்தானே மாட்டினீங்க?"

"இது குட்டி போடுதுடி!"

அப்படியே இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அப்பா இதைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றி மாட்டுவார். அவர் பிள்ளைக்கு மட்டும் ஏன் கைவரவில்லை? நிஜமாகவே அழுகை வந்தது. கடிதத்தை எடுத்துவரச் சொல்லி, நான்காகக் கிழித்தார்.

"எனக்குக் குடுப்பினை இல்ல, வேதா."

"மனச வுடாதீங்க. நாளைக்கு ஆபீஸுக்கு லெமன் சாதம் கட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு வேதா சமையலறைக்குப் போனாள்.

வாசலில் சைக்கிள் நின்றது. பழைய இரும்புக் கடை மாறன், கையில் கனத்த பொட்டலத்தோடு எட்டிப் பார்த்தான். இன்ஜினுக்குப் பின்னால் இருந்தவர் அவன் கண்ணில் படவில்லை.

"வேதாக்கா! தெனம் ரெண்டு ரெண்டா வாங்கினு போறீங்களேன்னு, ஒரேயடியா பத்து போல்ட்டு கொண்டாந்துட்டேன். அண்ணன் இன்னும் வேலைய வுடுறேன்னுதான் சொல்லினு இருக்காரா?"