லைக்ராவின் கன்னத்தில் ஒரு சிவப்பு அம்பு

திருப்பூரில் பனியனில் ஓட்டை தேடிப் பிழைப்பவர்கள் எத்தனையோ பேர். நாயின் வாயில் ஓட்டை தேடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் ஆரோ அண்ணன்.

பெருமாநல்லூர் சாலையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அவர் செக்கிங் இன்சார்ஜ். துணியில் குறை தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், எங்கள் பேச்சில் 'ஆரோ', ஒட்ட வேண்டும். அண்ணனுக்கு அது துணியோடு நிற்கவில்லை. உப்பில்லாத சாம்பார் வாளி, ஆடுகிற நாற்காலி, ஒரு தடவை முதலாளியின் சட்டைக் காலர் என்று எல்லாவற்றிலும் அம்பு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வேட்டிக் கரையிலும் ஒட்டினார் என்பார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

கம்பெனி நாய்க்குப் பெயர் லைக்ரா. யாரைப் பார்த்தாலும் லைக்ரா துணி மாதிரி உடம்பை அந்த இழு இழுக்கும். திடீரென்று ஒரு வாரம் அது கறிச்சோற்றைக்கூட மோந்துவிட்டுத் திரும்பிப் போனது. பக்கத்தில் வந்தால் நாற்றம் வேறு. அண்ணன் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பல்லில் மஞ்சள் காரை, ஈறெல்லாம் வீங்கிச் சிவந்து ரத்தம். உடனே கன்னத்தில் ஒரு அம்பு ஒட்டினார். அதோடு விட்டிருக்கலாம். தன் பற்பசையை எடுத்துத் தேய்த்தும் விட்டார்.

வாய் நிறைய நுரையோடு லைக்ரா தையல் லைனுக்குள் ஓடியது. திருநெல்வேலி டெய்லர் ஒருவர் மிஷின் மேலேயே ஏறிவிட்டார்.

"ஏலே, நாய்க்கு வெறி புடிச்சிட்டு! ஓடுங்கலே!"

மூன்று லைனும் காலி. அண்ணன் மட்டும் பின்னால், "அது பேஸ்ட்டுங்க! வெறி இல்லீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

முதலாளி கொதித்துப் போனார். "திங்கக்கெழம ஆர்டர் குடுக்கற பையர் வர்றாருங்க. அதுக்குள்ள இதக் குன்னத்தூர்ப் பக்கம் எங்காச்சும் கொண்டுபோயி உட்ருங்க."

வாயில் புண்ணோடு தெரியாத ஊரில் அது என்னத்தைத் தின்னும்? அண்ணன் லைக்ராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"ரிஜெக்ட் பண்ணீராதீங்க மொதலாளி. ஆல்ட்டர் பண்ணிக் கொண்டாரனுங்க. திங்கக்கெழமைக்குள்ளீங்க."

அன்றே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர், "என்ன பிரச்சினை?" என்றார். அண்ணன் லைக்ராவின் கன்னத்து அம்பைக் காட்டினார். மயக்க மருந்து கொடுத்து, காரையைச் சுரண்டி, ஆடிய மூன்று பற்களைப் பிடுங்கினார்கள். டாக்டர் நாய்க்கான பேஸ்ட்டைக் கொடுத்து, "மனுசங்க பேஸ்ட் ஆகாதுங்க, நாய்க்குத் துப்பத் தெரியாது. ஈறு ஆறுற வரைக்கும் மெதுவா, தெனமும் தேய்ங்க" என்றார்.

தினமும் என்றால் அண்ணனுக்குத் தினமும்தான். நாலு மணி டீ பெல் அடித்ததும் கட்டிங் டேபிளுக்குப் போய் வெள்ளைப் பனியன் துண்டாகப் பொறுக்குவார். சாயத்துணி ஆகாது. துண்டை விரலில் சுற்றி, பேஸ்ட்டைத் தடவிக் கையை நீட்டுவார். ஞாயிறு லீவிலும் வந்தார். லைக்ரா முதலில் உறுமியது. பேஸ்ட்டில் கோழி ருசி இருந்ததால் பிறகு தானாகவே வாயைத் திறந்தது.

திங்கட்கிழமை பையர் வந்தார். வாசலிலேயே லைக்ராவைத் தடவக் கையை நீட்டினார். அதுவோ, நீட்டியது யார் கை என்று பார்க்காமல் வாயை ஆவென்று திறந்தது. கடித்துத் தொலைத்தால் ஆர்டர் போச்சு. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பையர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"வெரி க்ளீன்!"

"செக்கிங் பாஸுங்க சார்!" என்று பின்னாலிருந்து கத்தியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? முதலாளி கண்ணைத் திறந்து, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அன்று சாயந்திரம் அண்ணனைச் சீண்டினேன். "ஏனுங்ணா, மூணு பல்லு கொறையுதே, அம்பு ஒட்டலீங்களா?"

அவர் லைக்ராவின் தாடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம்முளுதுல போயி யாராச்சும் கொற பாப்பாங்களா?"

ஆரோ அண்ணனிடம் குறைகள் ஏராளம். இத்தனை வருடத்தில் நானும் ஒரு அம்புகூட ஒட்டியதில்லை.