மொன்டானாவுக்கு அடுத்த மாநிலம்

அமெரிக்க அரசியல் சட்டத்தை அந்த நாட்டு ஜனாதிபதிகள்கூட அவ்வளவு பயபக்தியோடு கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். கடைப்பிடித்த ஒரே ஜீவன் திருப்பதியில், பெண்கள் ஹாஸ்டலில், எனக்கு அடுத்த கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பெயர் வீட்டோ. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

முதல் வருடம் எங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் என்று ஓர் அறிமுகப் பாடம் இருந்தது. நான் நகரி பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண். எங்கள் மண்டல ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்கத் துப்பில்லாதவளிடம், செனட்டின் அதிகாரங்களை விளக்குக என்றால் நான் எங்கே போவேன்? மேடம் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் நடத்துவார். நான் முழுத் தூக்கத்தில் கேட்பேன். வீட்டோ மட்டும் முதல் பெஞ்சில், கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கம் கேட்பவளைப் போல வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். சித்தூரில் தலைமுறை தலைமுறையாக கோயில் பெஞ்சில் உட்கார்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கேட்கிற பழக்கம் ரத்தத்திலேயே இருந்தது.

கேட்டதோடு விட்டாளா? அதிகாரப் பிரிவினை பாடம் நடந்த அன்று சாயங்காலமே எங்கள் அறையில் அமலுக்கு வந்துவிட்டது.

"ஏண்டி, எல்லா அதிகாரமும் ஒரே கையில இருந்தா ஆவுமா? நான் ஜனாதிபதி. நீ காங்கிரஸ். சுனிதா சுப்ரீம் கோர்ட்டு" என்றாள்.

எங்கள் அறையில் மூன்றாவது ஆளான சுனிதா மதனபள்ளிப் பெண். தமிழ் சுமாராகத்தான் புரியும். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துத் தலையாட்டிவிட்டாள். பாவி, அந்தத் தலையாட்டலில் போனது எங்கள் வாழ்க்கை.

மே மாத வெயிலில் ஃபேனை முழு வேகத்தில் வைக்க வேண்டும் என்று நான் தீர்மானம் போடுவேன். "வீட்டோ!" என்று அவள் கையைத் தூக்குவாள், ஜனாதிபதி தீர்மானத்தை ரத்து செய்துவிட்டார் என்று அர்த்தம். அவளுக்குக் காற்று பட்டால் தும்மல் வரும். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் வீட்டோவை முறியடிக்கலாம் என்று பாடத்தில் இருக்கிறதே, நானும் சுனிதாவும் சேர்ந்தால் கணக்கு சரிதானே என்று சண்டைக்குப் போனேன்.

"ஜட்ஜி எப்டிடி ஓட்டுப் போடுவாங்க? அவங்க ஓட்டுப் போட்டா அதிகாரப் பிரிவினை இன்னாத்துக்கு?"

ஜட்ஜ் வேலையே வேண்டாம், காற்று வந்தால் போதும் என்று சுனிதா தெலுங்கில் அழுதாள். ராஜினாமா ஏற்கப்படவில்லை. அந்தக் கோடை முழுவதும் அமெரிக்க ஜனநாயகத்தின் பெயரால் நாங்கள் வெந்தோம்.

அடுத்து மாட்டியது மெஸ் அக்கா. சாம்பாரில் பருப்பு கண்ணில் படவில்லை என்று வீட்டோ அவர்மேல் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தாள். சாப்பாட்டுக் கூடம்தான் செனட். தட்டோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நீதி வழங்க வேண்டும். குற்றப்பத்திரிகை வாசிக்கும்வரை மெஸ் அக்கா கரண்டியோடு நின்று பொறுமையாகக் கேட்டார். அவர் புத்தூர்க்காரர்.

"துன்றதுன்னா துன்னு, இல்லாங்காட்டி எய்ந்து போ. உன்ன யாரு புடிச்சி வெச்சிக்கினு கீறாங்க?" என்று பிரதிவாதம் செய்தார்.

ஓட்டெடுப்பு சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. சாயங்காலம் மெஸ்ஸில் மிளகாய் பஜ்ஜி. அதுவரை கொதித்துக்கொண்டிருந்த செனட் வாயில் பஜ்ஜியோடு அமைதி காத்தது. தீர்மானம் தோற்றது. வீட்டோவே இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டாள். "நான் வாதாடினவ. ஓட்டுப் போட்டவங்கதான் லஞ்சம் வாங்கக் கூடாது" என்றாள். இவளையெல்லாம் என்ன செய்வது?

இவ்வளவு அட்டகாசத்துக்கும் நடுவில் ஒரு வேலையை மட்டும் தவறாமல் செய்வாள். சாயங்காலமானால் அவளுடைய நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, போன். சித்தூரில் சின்னதாக மருந்துக்கடை வைத்திருந்தார். அன்றைக்கு மேடம் நடத்திய பாடம் முழுவதையும் அவருக்கு ஒப்பிப்பாள். பாடம் இல்லாத நாளில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களையும் ஏ, பி, சி வரிசையில் சொல்லுவாள். ஸ்பீக்கரில் போட்டிருப்பதால் எங்களுக்கும் அந்தத் தண்டனை உண்டு. அந்தப் பக்கம் அவர், "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, துன்னதுக்கு அப்புறம் போடணும்மா" என்று யாருக்கோ மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்.

"நைனா, கேட்டுக்கினு கீறியா?"

"கேட்டுக்கினுதான் கீறேன், சொல்லு."

கேட்டிருப்பார் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை.

கடைசி வருடம் பொங்கல் லீவு முடிந்து வந்தவள் பையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கவில்லை.

அவளுடைய அம்மாவின் அண்ணன், அதாவது பெரிய மாமா, வேலூரிலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பூனாவில் வேலை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நோன்பு நாட்களான லெந்தில் அவர்கள் கோயிலில் கல்யாணம் நடத்த மாட்டார்கள், அதனால் அதற்கு முன்னால் முடித்து உடனே பூனாவுக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பரீட்சையோ லெந்து முடிந்து, ஈஸ்டருக்கும் அப்புறம். மூன்று வருடப் படிப்பு கடைசிப் படியில் நின்றுபோகும்.

"பரீட்சை எப்ப வேணா எய்திக்கலாமாம். மாமா சொல்றாரு" என்றாள்.

"உங்க நைனா இன்னா சொன்னாரு?"

"மாமா பேச்சைத் தட்டி அவருக்குப் பயக்கமே இல்லடி. சரின்னு தலைய ஆட்டிட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வூட்ல எனக்கு வீட்டோவும் கெடையாது, ஓட்டும் கெடையாது."

மாப்பிள்ளை வீட்டார் வரும் சனிக்கிழமை துணைக்கு நான் சித்தூர் போனேன். போகிற வழியில் பஸ்ஸில் விவரத்தைச் சொன்னாள். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடையிருந்தால் சொல்லுங்கள் என்கிற அறிவிப்பு. முதல் ஓலை மறுநாளே வாசித்தால்தான் லெந்துக்கு முன் மூன்று ஞாயிறு கிடைக்கும். அதற்கு அன்று இரண்டு வீட்டாரும் ஐயர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். ஐயர் என்றால் அவர்களுடைய பாதிரியார்தான். ஐயருக்கு சாயங்காலம் ஒரு கிராமத்தில் ஆராதனை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்பாடி ரயில்.

"அப்ப ரயில் வர்ற வரைக்கும் கையெய்த்து ஆவலைன்னா?" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மேடம் நடத்திய ஒரு பாடம் ஞாபகம் வந்தது. செனட்டில் ஒருவர் பேச எழுந்துவிட்டால், அவராக உட்காருகிறவரை சுலபத்தில் நிறுத்த முடியாது. தீர்மானம் ஓட்டுக்கு வராமல் செய்ய சமையல் குறிப்பைக்கூட வாசித்துக்கொண்டு நிற்கலாம். அந்த வகுப்பில் வீட்டோவின் கண்கள் மின்னியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெண்பார்க்க வந்த இடத்தில் பெண்ணை யார் பேசவிடுவார்கள்?

காபி வந்தது. மிக்ஸர் வந்தது. ஐயர் பேனாவைத் திறந்தார். "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்றார்.

"ஐயா, நான் பண்ணட்டுமா?" என்றாள் வீட்டோ, தலைகுனிந்தபடி.

மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப்போனார். "பாருங்க, இன்னா பக்தி!" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று கண்ணை மூடினார். எல்லோரும் எழுந்தார்கள், கண்ணை மூடினார்கள். அவர்கள் வீடுகளில் ஜெபத்தை நடுவில் நிறுத்த எந்தக் கொம்பனுக்கும் தைரியம் வராது. நான் முருகனைக் கும்பிடுகிற வீட்டுப் பெண். கண்ணை மூடவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லாததால் அத்தனையையும் பார்த்தேன்.

வந்தவர்களுக்காக ஜெபித்தாள். வராதவர்களுக்காக ஜெபித்தாள். சபையில் சுகமில்லாதவர்களை, அவரவர் நோயைச் சொல்லி ஜெபித்தாள். சித்தூர் மாங்காய்க்கு நல்ல விலை கிடைக்க, பஸ் டிரைவர்களுக்குத் தூக்கம் வராமலிருக்க, ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பு பெருக ஜெபித்தாள். மாப்பிள்ளையின் அம்மா இருமிக் காட்டினார். அந்த இருமல் குணமாக ஒரு தனி ஜெபம் நடந்தது. பெரிய மாமா பொறுக்கமுடியாமல், "ஆமென்!" என்று முடித்துவைக்கப் பார்த்தார். அதை உற்சாகம் என்று நினைத்து எல்லோரும், "ஆமென்!" என்றார்கள். வீட்டோவுக்குக் குரல் இன்னும் ஏறியது. மாப்பிள்ளை கண்ணை மூடியபடியே மிக்ஸர் தட்டைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டான்.

விஷயம் தீர்ந்துபோன இடத்தில் அமெரிக்காவுக்குப் போனாள். ஜனாதிபதிக்கு ஞானம் வேண்டினாள். காங்கிரஸின் இரண்டு சபைகளுக்கும் ஒற்றுமை வேண்டினாள். பிறகு மாநிலங்கள். அலபாமாவில் உள்ள விதவைகள், அலாஸ்காவில் குளிரில் வாடுகிறவர்கள், அரிசோனாவில் தண்ணீர் இல்லாதவர்கள் என்று ஒவ்வொன்றாக வந்தாள். மிசௌரி வந்தது. மொன்டானா வந்தது.

அங்கே நின்றுவிட்டது.

"மொன்டானாவுல இருக்கிற... ஆண்டவரே... அதுக்கு அடுத்து..."

முகமெல்லாம் வேர்வை. மூன்று வருடமாக ஒப்பித்தவளுக்கு அடுத்த பெயர் வரவில்லை. எனக்கும் வரவில்லை, சனியன், நான் என்றைக்கு ஒழுங்காகக் கேட்டேன்? ஐயர் ஜெபத்தை முடித்துவைக்க மூச்சை இழுத்தார். மாமா ஒரு கண்ணைத் திறந்து பேனாவை எடுத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"நெப்ராஸ்கா" என்றது ஒரு குரல்.

கதவோரத்தில் நைனா. கண் இறுக மூடியிருந்தது. கைகள் கட்டியிருந்தன. கன்னத்தில் ஈரம்.

வீட்டோ தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நெப்ராஸ்காவுல இருக்கிற தகப்பன்மாருக்காக, ஆண்டவரே..." என்று ஆரம்பித்தவள், அப்புறம் கடைசி மாநிலமான வயோமிங் வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை.

அவள் ஆமென் சொன்னபோது ஐயர் கடிகாரத்தைப் பார்த்து அலறி, பைக்கை உதைத்துக் கிளம்பினார். மாப்பிள்ளை வீட்டார் ஆட்டோவுக்கு ஓடினார்கள். வாசலில் மாப்பிள்ளையின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே யாரிடமோ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "இந்தப் பொண்ணு தெனமும் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணா, சோறு ஆறிப் பச்சத்தண்ணியாயிடும். நமக்கு வேணாம்பா."

மாமா நைனாமேல் பாய்ந்தார். "நீங்களும் கூட சேர்ந்துக்கினீங்களே! அது இன்னாய்யா நெப்ராஸ்கா?"

"அங்கயும் ஜனங்க கீறாங்க மச்சான்" என்றார் நைனா. "அவங்கள மட்டும் வுட்டுட்டா பாவமில்லியா?"

வாழ்நாளில் மச்சானுக்கு அவர் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான். மாமா மிச்சமிருந்த மிக்ஸரைத் தின்றார். வீட்டோ பரீட்சை எழுதினாள், நல்ல மார்க்கில் பாஸ் செய்தாள். இன்றைக்கு சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற அதிகாரி. அங்கே எத்தனை பேரை வீட்டோ செய்கிறாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. இலையில் சுடச்சுடச் சோறும் கறிக்குழம்பும் விழுந்ததும் அவள் ஜெபத்தை ஆரம்பிப்பாள். அலபாமாவிலிருந்து வருவாள். மொன்டானாவில் நிறுத்துவாள். மறக்கவில்லை, கழுதைக்கு இப்போது தலைகீழாகச் சொல்லத் தெரியும். நைனாவுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம். அவள் நிறுத்தியது அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை எல்லோரும் காத்திருப்போம். என் இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

ஆறட்டும்.